பாட்டியும் ஆறு கேள்விக்குறிகளும்

டிஸ்கி: இது பொட்டி தட்டுறவங்க சமாச்சாரம்தான். ஆனா நடுவுல ஒரு கல்யாண வீடு வருது, எங்கப்பா வராரு. அதனால மத்தவங்களும் தைரியமா படிக்கலாம் :-)

போன வாரம் ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் அதிகம். அதுக்கு நடுவுல, புதுசா சேர்ந்திருக்கிற தம்பி ஒருத்தன் தன்னோட நிரலைச் சரிபார்க்கச் சொல்லி அனுப்பியிருந்தான். பைத்தான்ல எழுதினது. சுத்தமாத்தான் எழுதியிருந்தான். ஒரே ஒரு வரிதான் கண்ணை உறுத்துச்சு. பழைய லாக் கோப்புகளை அழிக்கிறதுக்கு, கோப்போட பேரை ஒரு வாக்கியத்துக்குள்ள ஒட்டி, மொத்த வாக்கியத்தையும் அப்படியே ஷெல்லுக்குத் தூக்கிக் குடுத்திருந்தான். "இது வேணாம்ப்பா, மாத்திடு"ன்னு குறிப்பு எழுதினேன். பய நேரா என் சீட்டுக்கே வந்துட்டான்.

"ஏன்ணே? பேரைச் சுத்தி மேற்கோள்குறி போட்டிருக்கேன். ஸ்பேஸ் இருந்தாலும் வேலை செய்யுது. ஓட்டிப் பாத்துட்டேன்ணே."

இதே மூணு வாக்கியத்தை 2018ல நானும் சொல்லியிருக்கேன். சொன்னது எங்கப்பாகிட்ட. கொசுவர்த்திச் சுருளைக் கொஞ்சம் சுத்திக்கோங்க மக்களே.

எங்கப்பாவுக்குக் கோவில்பட்டியில ஒரு சின்ன ஸ்டுடியோ. பாஸ்போர்ட் சைஸ் படம், காதுகுத்து, சடங்கு, கல்யாணம். ஃபிலிம் ரோல் காலத்துல இருந்து இதுதான் சோறு போடுற தொழில். அந்த வருசம் நான் இன்ஜினியரிங் கடைசி வருசம். நவம்பர்ல நாலு நாள் லீவுல ஊருக்குப் போயிருந்தேன். முகூர்த்த சீசன், கடையில கூட்டம். அப்பா சாப்பிட உக்காரும்போது ஒரு பிரச்சனையைச் சொன்னாரு.

கடையில இருந்த கார்டு ரீடர் வயசானது. பென் டிரைவையும் ஆளாளுக்கு அவசரத்துல பிடுங்கிடுறாங்க. அதனால காப்பி பண்ணின படங்கள்ல சிலது வெறும் பேரோட நிக்கும், உள்ள ஒண்ணும் இருக்காது. பூஜ்யம் பைட். ஆல்பம் டிசைன் பண்ற மென்பொருள் அந்த மாதிரி ஒரு படத்தைத் தொட்டதும் அப்படியே நின்னுடும். டிசைன் பண்ற அண்ணன் ஒவ்வொண்ணா தேடி அழிச்சுக்கிட்டு இருந்தாரு.

"நீதான் கம்ப்யூட்டர் படிக்கியே, இதுக்கு ஒரு வழி பண்ணேம்லே" அப்படின்னாரு அப்பா.

அப்பா என் படிப்பைப் பத்தி அப்படி ஒரு வேலை சொன்னது அதுதான் முதல் தடவை. எனக்கு ஒரே பெருமை. ராத்திரியே உக்காந்து சி++ல எழுதிட்டேன். ஃபோல்டருக்குள்ள போ, ஒவ்வொரு படமா பாரு, அளவு பூஜ்யமா இருந்தா அழி. அம்பது வரி இருந்தா அதிகம்.

அழிக்கிறதுக்கு என்ன பண்ணினேன்? காலேஜ் லேப்ல திரையைத் துடைக்க சிஸ்டம்("சிஎல்எஸ்"), நிறுத்தி வைக்க சிஸ்டம்("பாஸ்")னு போட்டுப் பழகின கை. இங்கேயும் சிஸ்டம்தான். லினக்ஸ்னா ஆர்எம், விண்டோஸ்னா டெல், அதுக்கப்புறம் மேற்கோள்குறிக்குள்ள கோப்போட பேரு. என் லேப்டாப்ல உபுண்டு. அங்கே ஓட்டிப் பார்த்தேன். ஸ்பேஸ் வெச்ச பேரு, தமிழ்ல வெச்ச பேரு எல்லாத்தையும் சோதிச்சேன். கனகச்சிதம். மறுநாள் கடைப் பொட்டிக்கு, அதாவது விண்டோஸுக்கு மாத்தினேன். "டெஸ்ட் 1"னு பூஜ்யம் பைட்ல ஒரு படத்தை உருவாக்கி ஓட்டினேன். போச்சு. அப்பாகிட்ட காலரைத் தூக்கிவிட்டுக்கிட்டு சொன்னேன்: "மேற்கோள்குறி போட்டிருக்கேன். ஸ்பேஸ் இருந்தாலும் வேலை செய்யும். ஓட்டிப் பாத்துட்டேன்ப்பா."

சனிக்கிழமை சாயங்காலம், ஒரு கல்யாண ஃபோல்டர் மேல நிஜமாவே ஓட்டினேன். "1 கோப்பு நீக்கப்பட்டது"ன்னு திரையில வந்துச்சு. நான் டீ குடிக்கப் போயிட்டேன்.

ஞாயித்துக்கிழமை காலையில டிசைன் அண்ணன் பொட்டியைப் போட்டு, மென்பொருளைத் திறந்து, கொஞ்ச நேரம் தேடிட்டு என்னைக் கூப்பிட்டாரு. குரல்ல ஒரு மாதிரி நடுக்கம்.

"தம்பி, நேத்து என்ன பண்ணுன?"

அந்த ஃபோல்டர்ல ஆல்பத்துக்குன்னு பொறுக்கி, கலர் சரி பண்ணி, 001ல இருந்து 312 வரைக்கும் நம்பர் போட்டு வெச்ச படங்கள் இருந்துச்சு. இப்போ டிஎஸ்சின்னு கேமரா வெச்ச நீளமான பேரோட மூணு படம் மட்டும் மிச்சம். மத்தது ஒண்ணும் இல்லை. ரீசைக்கிள் பின்லயும் இல்லை. டெல் கமாண்ட் அழிச்சா அங்கே போகாது. கார்டுல இருக்குமேன்னு ஓடினோம். அதை அழிச்சுட்டு அடுத்த கல்யாணத்துக்கு எடுத்துட்டுப் போயாச்சு. ஹார்ட் டிஸ்க்ல இடம் பத்தலைன்னு மூலப் படங்களையும் தனியா வெச்சுக்கலை. இருந்தது அந்த 312தான்.

நான் அழிச்சது ஒரு கோப்பு. திரையும் அதைத்தான் சொல்லுச்சு. அப்போ மீதி எப்படிப் போச்சு?

காரணத்தைக் கண்டுபிடிக்க எனக்கு ரெண்டு நாள் ஆச்சு. உங்களுக்கு ரெண்டு நிமிசத்துல சொல்லிடுறேன்.

சிஸ்டம்னு கூப்பிட்டா அது நேரா கமாண்டை ஓட்டுதுன்னு நாம நினைக்கிறோம். இல்லைங்க. அது ஒரு ஆளைக் கூப்பிட்டு, நம்ம வாக்கியத்தை அவர் காதுல ஓதிட்டு ஒதுங்கிடுது. அதை அவர் தன் பாஷையில புரிஞ்சுக்கிட்டு வேலை செய்வாரு. யூனிக்ஸ் குடும்பத்துல அந்த ஆள் எஸ்ஹெச்னு ஒரு ஷெல். விண்டோஸ்ல சிஎம்டி. ரெண்டு பேரும் வேற வேற ஊர்க்காரங்க. அவருக்கு ; போட்டா ஒரு கமாண்ட் முடிஞ்சு அடுத்தது ஆரம்பம். இவருக்கு அதுக்கு & வேணும். அவருக்கு ஒற்றை மேற்கோள்குறி இரும்புப் பெட்டி மாதிரி, உள்ள இருக்கிறதைத் தொடவே மாட்டாரு. இவருக்கு அது ஒரு சாதாரண எழுத்து. அவர் \ போட்டு ஒரு குறியோட அர்த்தத்தை அடக்குவாரு. இவர் ^ போட்டு அடக்குவாரு.

இதெல்லாம் சில்லறை. பெரிய வித்தியாசம் வேற.

யூனிக்ஸ்ல * ? மாதிரி குறிகளை விரிச்சுப் பார்க்கிறது ஷெல்லோட வேலை. மேற்கோள்குறிக்குள்ள இருந்தா விரிக்காது. விரிச்சு முடிச்சு, பேருகளைத் தனித்தனியா ஒரு பட்டியலாக்கித்தான் ஆர்எம் கையில குடுக்கும். ஆர்எம்முக்கு ? போட்ட பேரு வந்தாலும், அது அந்தப் பேருள்ள ஒரு கோப்பு, அவ்வளவுதான்.

விண்டோஸ்ல தலைகீழ். ஒரு நிரலைத் தொடங்கி வைக்கிற கிரியேட்ப்ராசஸ்ங்கிற அடிப்படை ஃபங்ஷனே பட்டியல் வாங்காது. 32,767 எழுத்துக்கு மிகாம ஒரே ஒரு நீளச் சரம், அவ்வளவுதான் வாங்கும். அதை எங்கே வெட்டுறது, எதை விரிக்கிறதுங்கிறது ஒவ்வொரு நிரலோட சொந்தப் பொறுப்பு. டெல் கமாண்டும் தானேதான் விரிச்சுக்கும். அதுக்கு மேற்கோள்குறிங்கிறது ஸ்பேஸைக் காப்பாத்த மட்டும்தான். உள்ள ? இருந்தா அதோட அர்த்தம் "எந்த எழுத்தா இருந்தாலும் சரி". பேரோட கடைசியில வந்தா "எழுத்தே இல்லாட்டியும் சரி".

சரி, ஆனா நான் எங்கே ? போட்டேன்? நான் போடலை. பாட்டி போட்டாங்க.

அந்தக் கல்யாணப் பொண்ணுக்குத் தன்னோட பாட்டி மேல உசுரு. கல்யாணத்துக்கு முன்னாடியே காலமாகிட்டாங்க. ஆல்பத்தோட முதல் பக்கத்துல பாட்டி படம் வரணும்னு சொல்லி, பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒண்ணை ஸ்கேன் பண்ணி பென் டிரைவ்ல குடுத்திருந்தாங்க. கோப்போட பேரு தமிழ்ல, பாட்டி.ஜேபிஜி. காப்பி ஆகும்போது யாரோ பென் டிரைவைப் பிடுங்க, அந்தப் படம் பூஜ்யம் பைட்டா வந்திருந்துச்சு.

விண்டோஸ் கோப்புப் பேரை உள்ள யூனிகோட்லதான் வெச்சிருக்கு. ஆனா நான் கூப்பிட்டது பழைய பாணி ஃபங்ஷன்களை. அதுங்க பேரை நம்மகிட்ட தர்றதுக்கு முன்னால, பொட்டியோட பழைய எழுத்து அட்டவணைக்கு மாத்தித்தான் தரும். அந்த அட்டவணைகள் எதுலயும் தமிழுக்கு இடமே இல்லை. விண்டோஸ்ல தமிழ் முழுக்க முழுக்க யூனிகோட் வழியாத்தான் வந்துச்சு. இடமில்லாத எழுத்துக்குப் பதிலா என்ன போடும்? கேள்விக்குறி.

"பாட்டி"யை நாம எண்ணினா மூணு எழுத்து. யூனிகோட் எண்ணினா ப, துணைக்கால், ட, புள்ளி, ட, இகரக் கொக்கின்னு ஆறு. ஆக என் நிரலுக்கு வந்து சேர்ந்த பேரு ??????.ஜேபிஜி. நான் அதை பத்திரமா மேற்கோள்குறிக்குள்ள வெச்சு டெல்கிட்ட குடுத்தேன். ஆறு எழுத்தோ அதுக்குக் குறைவோ பேருள்ள அத்தனை ஜேபிஜியையும் அழின்னு அது புரிஞ்சுக்கிச்சு. 001ல இருந்து 312 வரைக்கும் எல்லாமே மூணு எழுத்துதானே? எட்டெழுத்து டிஎஸ்சி படங்கள் மட்டும் தப்பிச்சுது.

இன்னிக்கும் நினைச்சா எனக்குக் குளிரெடுக்கிற விசயம் இதுதான். "இந்த எழுத்து எனக்குத் தெரியலை"ங்கிறதுக்கு ஒருத்தர் போட்ட குறியும், "எதுவா இருந்தாலும் சரி"ங்கிறதுக்கு இன்னொருத்தர் வெச்ச குறியும் ஒண்ணா இருந்துச்சு. முதலாமவர் தெரியலைன்னாரு. அடுத்தவர் காதுல அது எல்லாத்தையும்னு விழுந்துச்சு. நடுவுல நின்ன நான் ரெண்டையும் படிச்சே பார்க்கலை.

நான் திருப்பி வந்த எண்ணைக்கூட சோதிச்சேன்ங்க. பூஜ்யம், அதாவது வெற்றி. கேட்ட வேலையைச் செஞ்சாச்சுன்னுதான் அதுக்கு அர்த்தம். நாம நினைச்ச வேலையைச் செஞ்சாச்சுன்னு இல்லை.

கொடுமை என்னன்னா, சிஸ்டம் பக்கமே போகாம, ரிமூவ்னு சி மொழியிலயே இருக்கிற ஃபங்ஷனை நேரா கூப்பிட்டிருந்தா, "இப்படி ஒரு கோப்பு இல்லை"ன்னு கையை விரிச்சிருக்கும். பாட்டி படம் அழிஞ்சிருக்காது. வேற எதுவும் அழிஞ்சிருக்காது.

நல்லவேளை, கடையில இருந்தது பழைய சுழல் வகை ஹார்ட் டிஸ்க். அழிச்ச கோப்போட இடத்துல வேற எதுவும் எழுதப்படுற வரைக்கும் உள்ள இருக்கிறது அப்படியேதான் இருக்கும். பொட்டியை உடனே அணைச்சு, டிஸ்க்கைக் கழட்டி, என் லேப்டாப்புல மாட்டி, ஃபோட்டோரெக்னு ஒரு இலவச மென்பொருளை ராத்திரி முழுக்க ஓட விட்டேன். அழிஞ்ச படங்களைக் கொத்துக் கொத்தா கொண்டு வந்துச்சு. பேரெல்லாம் போச்சு, வெறும் எண்கள். அதுல இருந்து கல்யாணப் படங்களைப் பொறுக்கி எண்ணினோம். 289 தேறுச்சு. 23 தேறலை. ஞாயித்துக்கிழமை காலையில ஆல்பம் மென்பொருளைத் திறந்தப்போ அது எழுதின தற்காலிகக் கோப்புகள் அந்த இடத்துல உக்காந்திருக்கும்.

அப்பா என்னைத் திட்டலை. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். சட்டையை மாட்டிக்கிட்டு "வா"ன்னு மட்டும் சொன்னாரு. பொண்ணு வீட்டுக்குப் போனோம். "எங்க கடையில ஒரு தப்பு நடந்துபோச்சு. 23 படம் போயிருச்சு. ஆல்பத்துக்குப் பாதிப் பணம் போதும்"னாரு. நான் பண்ணினதுன்னு ஒரு வார்த்தை சொல்லலை. பாட்டி படம் அவங்க வீட்டுச் சுவத்துல மாலையோட தொங்குச்சு. கண்ணாடியைக் கழட்டி, அப்பா அங்கேயே மறுபடி படம் எடுத்துக்கிட்டாரு. அவங்களும் பெரிய மனசுக்காரங்க. தாலி கட்டுறது இருக்கா, தாரை வார்க்கிறது இருக்கான்னு கேட்டாங்க. இருந்துச்சு. சரின்னுட்டாங்க.

பைக்கில திரும்பி வரும்போதுதான் அப்பா வாயைத் திறந்தாரு. "அந்தப் பொண்ணோட அப்பா, மண்டபத்துத் தூணுக்குப் பின்னால போயி நின்னு கண்ணைத் துடைச்சாரு. அதை எடுத்திருந்தேன். அவருக்கே தெரியாது. ஆல்பத்துல பாத்துக்கிடட்டும்னு சொல்லலை."

அந்தப் படம் 23ல ஒண்ணு.

நான் பின்னால உக்காந்து அழுதேன். ஹெல்மெட் போட்டிருந்தேன், அதனால தெரிஞ்சிருக்காது.

ராத்திரி அப்பா கேட்டாரு, என்னதான் நடந்துச்சுன்னு. நான் மேல சொன்னதையெல்லாம் சொன்னேன். கடைக்கு ஒரு ஆளை அனுப்பினேன், அவன் வேற மாதிரி புரிஞ்சுக்கிட்டான்னு சுருக்கமா முடிச்சேன். அப்பா கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு சொன்னாரு:

"லேபுக்குப் பிரிண்ட் போட ஆள் அனுப்புறேன்ல, வாயால சொல்லியா அனுப்புறேன்? நம்பர் போட்டுச் சீட்டு எழுதித்தான குடுக்கேன்? அதுவும் பக்கத்துக் கடைன்னா நானே போயிட்டு வந்துருவேம்லே. அதுக்கு எதுக்கு ஆளு?"

அவ்வளவுதாங்க. நாலு வருசம் இன்ஜினியரிங் படிச்சு நான் கத்துக்காததை ஒரு ஃபோட்டோகிராபர் ரெண்டு வரியில சொல்லிட்டாரு. கோப்பை அழிக்க, நகர்த்த, ஃபோல்டர் உருவாக்க எல்லா மொழியிலயும் சொந்த ஃபங்ஷன் இருக்கு. அது பக்கத்துக் கடை. நாமே போயிடலாம். படத்தைச் சுருக்க, வீடியோவை மாத்தன்னு வெளி நிரலைக் கூப்பிட்டே ஆகணும்னா, வாக்கியமா ஒட்டாம பட்டியலா குடுக்கணும். பைத்தான்ல சப்ப்ராசஸ் 2004ல வந்த 2.4லயே இருக்கு. ஜாவாவுல ப்ராசஸ்பில்டரும் அதே வருசம்தான். யூனிக்ஸ் கர்னல் அந்தப் பட்டியலைப் பட்டியலாவே அடுத்த நிரல்கிட்ட ஒப்படைக்கும். நடுவுல யாரும் வாசிச்சு அர்த்தம் பண்ண மாட்டாங்க.

விண்டோஸ்ல மட்டும் இதுக்கும் ஒரு எச்சரிக்கை உண்டு. நீங்க பட்டியலா குடுத்தாலும், உங்க மொழியோட நூலகம் அதைத் திரும்ப ஒரே சரமாக் கோத்துத்தான் அனுப்பணும். வாங்குற நிரல் வேற விதிப்படி வெட்டினா கதை கந்தல். நம்மள மாதிரி கத்துக்குட்டிகளுக்கு மட்டும் வர்ற கஷ்டம்னு நினைக்காதீங்க. 2024 ஏப்ரல்ல ரஸ்ட் மொழியில, பேட்ச் கோப்புகளை ஓட்டும்போது சிஎம்டியோட விதிகளுக்கு ஏத்த மாதிரி சரத்தைச் சரியா கோக்காத ஓட்டை ஒண்ணு வெளியே வந்துச்சு. அபாய மதிப்பெண் பத்துக்குப் பத்து. 1.77.2 பதிப்புல அடைச்சாங்க. பாதுகாப்புக்குப் பேர் போன மொழிங்க அது! நோட், பிஹெச்பி, ஹாஸ்கெல்னு மத்தவங்களும் இதே ஓட்டையை அடைக்க வேண்டியிருந்துச்சு. யூனிக்ஸ் பக்கம் மட்டும் ஒழுங்கான்னு கேட்டா, அங்கேயும் வாக்கியமா எழுதினா வம்புதான். 2001 நவம்பர்ல மேக்குக்கு வந்த ஐட்யூன்ஸ் 2.0 நிறுவுற ஸ்கிரிப்ட், பேரைச் சுத்தி மேற்கோள்குறி விட்டுப்போனதால, பேருல ஸ்பேஸ் வெச்சிருந்த சில பேரோட டிஸ்க்கையே துடைச்சுப்போட்டுச்சு. உடனே 2.0.1 விட்டாங்க.

தம்பிகிட்ட இந்தக் கதையைச் சொல்லி முடிச்சேன். பய ஒண்ணும் பேசலை. சீட்டுக்குப் போயி, சிஸ்டம் வரியை எடுத்துட்டு, பைத்தானோட அன்லிங்க்கைப் போட்டு அனுப்பினான். கூடவே ஒரு சோதனையும் சேர்த்திருந்தான். அதுல அழிக்க வேண்டிய கோப்போட பேரு "பாட்டி". பக்கத்துல அழியக்கூடாத கோப்பு ஒண்ணு. அதோட பேரு "001".

சரின்னு கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டு, அப்பாவுக்கு ஃபோன் பண்ணினேன். கடையில கூட்டமாம். "அப்புறமா பேசுதேன்லே"ன்னு வெச்சுட்டாரு.

பி.கு: அந்த ஆல்பத்துல முதல் பக்கத்துல பாட்டி நல்லா சிரிச்சுக்கிட்டு இருப்பாங்க. இப்போ கடையில ஒவ்வொரு கல்யாணமும் ரெண்டு டிஸ்க்ல இருக்கு. ஆல்பம் டெலிவரி ஆகுற வரைக்கும் கார்டை யாரும் அழிக்கக் கூடாதுன்னு அப்பா கைப்பட எழுதி சுவத்துல ஒட்டியிருக்காரு. கீழே, சின்ன எழுத்துல, "இன்ஜினியருக்கும் சேர்த்துத்தான்"னு இருக்கும் :-(